முதல் பெட்டியின் முதுகுத் தகடு

எங்கள் பஞ்சாயத்தில் ஒரு டிராபிக் சிக்னல்கூடக் கிடையாது. வடகரப்பதியில் சிக்னல் கம்பம் நட்டால் அதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டியவை தேங்காய் லாரி, பால் வண்டி, கோயமுத்தூர் பஸ், யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்ட எருமை. இதில் எருமை மட்டும்தான் நிற்கும் என்று நினைக்கிறேன், அதுவும் பச்சை விழுந்த பிறகு. ஆனால் பாலக்காடு டவுனிலோ அதைத் தாண்டி மேற்கேயோ போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் கறுப்புச் சிக்னல் பெட்டிகளில் கொஞ்சம் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பு ஓரத்து ஷெட்டில் கறுப்பானவை. நான் அங்கேதான் வேலை செய்கிறேன்.

பெயிண்ட் அடிக்கிற இடமா என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் பாடம் நடத்திவிடுவேன். பெயிண்டில் ஈரம் உண்டு, பவுடர் கோட்டிங்கில் ஈரமே கிடையாது. மைதா மாதிரி நைசான பிளாஸ்டிக் தூள். துப்பாக்கி போன்ற ஒரு கருவி அந்தத் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து ஊதும். எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட இரும்பு அதைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் ஊதினால் கொஞ்சம் தூள் சுற்றிப் போய்ப் பின்பக்கமும் ஒட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வாயைப் பிளந்து நின்றேன். வாய்க்குள்ளும் கொஞ்சம் போனது. அப்புறம் இருநூறு டிகிரி ஓவன். பத்து நிமிடத்தில் தூள் உருகி, பரவி, இரும்புக்குத் தோலாகிவிடும். வெயிலும் மழையும் வருடக்கணக்கில் அடித்தாலும் அசையாத தோல். இரும்பு சுத்தமாக இருந்தால் மட்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் உத்தியோகம் இருந்தது. பக்கத்துச் சித்தூரில் வேதியியல் படித்து முடித்துவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிவிட்டு, ரேங்க் லிஸ்ட் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தவள் நான். இரண்டு மாதம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். ஷெட்டின் முதலாளி ஓர் அக்கா. தோப்புக்கு வந்த மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் இரண்டு மழையில் துருப்பிடித்துப்போன கடுப்பில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு ஆரம்பித்தவர். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஓவனைத் தட்டிவிட்டால் சாயங்காலம்வரை உட்கார மாட்டார். என்னிடம் அவர் கேட்ட ஒரே இன்டர்வியூ கேள்வி, பாஸ்பேட் ஏன் ஒட்டுகிறது என்பது. நான் இருபது நிமிடம் சொன்னேன். "போதும் கண்ணு, நாளைக்கே வந்துரு. இல்லீன்னா இன்னிக்கு பூராச் சொல்லுவ போல இருக்குது" என்றார்.

ஷெட்டில் முக்கியமான இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி பிடிப்பவர் ஓர் அண்ணன். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வேலந்தாவளம் தாண்டி வீடு, தினமும் பைக்கில் வருவார். கை அவ்வளவு சமமாக ஓடும், வாய் அவ்வளவு கோணலாக ஓடும். இன்னொருவர் தொட்டிக்காரர், எல்லாருக்கும் மாமா. வரிசையாக ஏழு தொட்டிகள் இருக்கின்றன: எண்ணெய் எடுக்க ஒன்று, துரு எடுக்க ஒன்று, பூச்சு பிடிக்கும்படி பாஸ்பேட் ஏற்ற ஒன்று, நடுநடுவே அலசத் தண்ணீர்த் தொட்டிகள். வேலைக்கு வரும் இரும்பை எங்கள் பட்டறைகளில் ஜாப் என்போம். ஒவ்வொரு ஜாப்பையும் கூடையில் போட்டு ஏழு தொட்டியிலும் முக்கி எடுப்பது மாமாவின் வேலை. கடிகாரம் பார்க்க மாட்டார், குமிழி வருவதைப் பார்த்தே நேரம் சொல்வார். ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சரிபார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மாமாவுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு லாட்டின், அதாவது ஒரே தடவையாக வந்து இறங்கும் சரக்கின், முதல் ஜாப்பும் ஏழாவது தொட்டியைத் தாண்டிக் காய்ந்து வந்ததும், விரலால் திருநீறு தொட்டு அதன் மூலையில் ஒரு பொட்டு வைப்பார். வழக்கமாக எங்களுக்கு வரும் வீட்டுக் கேட்டிலும் கிரில்லிலும் அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் கூசும். சுத்தம் செய்த இரும்பில் சாம்பலும் விரல் எண்ணெயும்! சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே பெரிய தாளில் விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். வெறுங்கையால் தொடக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் தொப்பி போட வேண்டும். மூன்றாவது விதி, சுத்தம் செய்த ஜாப் மீது பொட்டு, திருநீறு, வேறு எதுவும் வைக்கக் கூடாது. மாமா அதைக் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "செரீங்க அம்முணி" என்றார். அன்றைக்கு முழுக்கத் தொட்டிச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் சிக்னல் பெட்டிகள் வந்தன.

கஞ்சிக்கோடு பக்கத்தில் சிக்னல் செய்யும் ஒரு கம்பெனி. அதுவரை தகரப் பெட்டிகளைக் கோட்டிங்குக்காகக் கோயமுத்தூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஆள் கிடைத்தால் நல்லது என்று அக்காவிடம் வந்தார்கள். முதலில் ஆறு பெட்டி. அவர்களுடைய இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார். தேறினால் மாதாமாதம் ஒரு லாட் எங்களுக்கு. தேறாவிட்டால் பழையபடி கோயமுத்தூர்.

அக்காவுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டும் கிரில்லும் வீடு கட்டுகிறவர்களை நம்பிய வேலை. தை, வைகாசி என்றால் தலைக்கு மேல் இருக்கும். ஆடி பிறந்தால் யாரும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், ஓவன் கதவில் பல்லி குடியேறும். போன ஆடியில் அண்ணன் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, திருப்பூரில் ஒரு கம்பெனியில் போய் வேலை கேட்டுவிட்டே வந்துவிட்டார். அடுத்த ஆடிக்கும் இப்படியே என்றால் அவர் போய்விடுவார். அந்தக் கை போனால் ஷெட்டில் என்ன இருக்கிறது? சிக்னலுக்கு ஆடியும் கிடையாது, முகூர்த்தமும் கிடையாது. அந்த ஆறு பெட்டி தேறியே ஆக வேண்டும். நான் முந்திக்கொண்டு, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

ஒரு சிக்னல் பெட்டி என்பது ஏழு உருப்படி. நீளமான உடம்பு ஒன்று, மூன்று விளக்குக்கு மூன்று கதவு, வெயில் மறைக்க மூன்று தொப்பி. கழற்றித்தான் தூள் அடிக்க முடியும். கதவுக் கீல்களுக்குத் துளை போட்டவர் ஒவ்வொரு பெட்டியிலும் மயிரிழை வித்தியாசமாகப் போட்டிருந்தார். ஒன்றின் கதவு இன்னொன்றுக்குச் சேராது. கம்பெனிக்காரர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாற்பத்திரண்டு உருப்படி கலந்துபோனால் ஆறு பெட்டியும் ஆ என்று வாயைத் திறந்தபடிதான் இருக்கும்.

அதற்கு நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். அப்போது எனக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒரு பெட்டியின் ஏழு உருப்படியும் ஒரே கூடையில் முங்கும். காய்ந்து வந்ததும், எர்த் கம்பி முடுக்கும் இடத்தில், வெல்டிங் பட்டறையில் கோடு போட வைத்திருக்கும் மாக்கல் துண்டால் நம்பர் எழுதுவேன். அந்த இடத்தில் எப்படியும் தூள் படக் கூடாது என்று சூடு தாங்கும் பச்சை டேப் ஒட்டுவோம். நம்பர் டேப்புக்கு அடியில் பத்திரமாக ஓவனுக்குள் போய் வெளியே வரும். டேப்பை உரித்தால் ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணனே ஒரு தடவை தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம், தும்மும்போதுதான் பெரும்பாலும்.

அது மார்கழி. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து காற்று பேய் மாதிரி வரும் மாதம். தோப்பு மண்ணைத் தூக்கி வந்து தூள் அடித்த ஜாப் மேல் கொட்டிவிடும். கிழக்கு வாசலுக்கு நனைத்த சாக்குகளைக் கட்டினோம். அண்ணன் அடித்தார், ஓவன் வேலையைச் செய்தது. ஆறு பெட்டியும் மணல்போல் மெல்லிய சொரசொரப்புள்ள கறுப்பில், ஒரு பளபளப்பும் இல்லாமல், கம்பீரமாக நின்றன. சிக்னல் பெட்டி பளபளக்கக் கூடாது, வெயில் பட்டு டிரைவர் கண்ணைக் கூசும். இதையும் நான் எல்லாரிடமும் சொன்னேன், பால்காரர் உட்பட.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினார். ஒரு சின்னப் பெட்டியில் பூதக்கண்ணாடி, கனம் அளக்கும் மீட்டர், சீப்பு மாதிரிப் பல்வைத்த பிளேடு, டேப் சுருள். முதலில் கனம் அளந்தார். எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. கதவுகளைத் திறந்து மூடினார். ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் பொருந்தியது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அடுத்தது வெட்டுச் சோதனை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்துச் சின்னச் சின்னக் கட்டங்கள் ஆக்கி, மேலே டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். கட்டங்கள் அப்படியே இருந்தால் பூச்சு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே கிழித்தால் பெட்டி பாழ். அதனால் உள்ளே, மேல் கதவு வழியாகக் கை எட்டும் இடத்தில், முதுகுத் தகட்டின் உச்சி நடுவில்தான் வெட்டுவார். முதல் பெட்டியை எடுத்தார். கிழித்தார், ஒட்டினார், இழுத்தார்.

டேப்பில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

இன்ஸ்பெக்டர் சார் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எல்லாக் கட்டமும் உரியவில்லை, வளைவாக ஒரு வரிசை மட்டும் உரிந்திருந்தது. அவருக்கே அது விசித்திரமாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று கிழித்தார். அந்த வளைவு தொடர்ந்தது. மூன்றாவது தடவை அகலமாகக் கிழித்து டேப்பை இழுத்ததும், தலையைச் சாய்த்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், எங்களையும் கூப்பிட்டார். ஐந்து தலை ஒரு சிக்னல் பெட்டிக்குள் நுழைய முடியாது. முறை வைத்துப் பார்த்தோம். கறுப்புத் தகட்டில் சாம்பல் நிற இரும்பு தெரிய, ஒரு சுழி, அதிலிருந்து வலது பக்கம் நீண்ட ஒரு வால்.

"இது 'உ' அல்லே?" என்றார் சார். மலையாள எழுத்தும் ஏறக்குறைய அதே உருவம்தான். "ஆரோட பேரு?"

எங்கள் ஷெட்டில் யார் பெயரும் அப்படித் தொடங்காது. பெயராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. புது நோட்டு, கடிதம், மளிகைச் சாமான் லிஸ்ட் என்று எதை ஆரம்பித்தாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுகிற ஆட்கள் நாங்கள். அக்கா மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்னைய எதுக்குங்க பாக்கறீங்க?" என்றார் மாமா. "அம்முணி வேண்டாம்னு சொன்னதுலருந்து நானு துண்ணூத்து டப்பாவையே ஊட்டுல வெச்சுட்டுத்தானுங்க வாரேன்."

"கைப்பழக்கம் விடுமுங்களா மாமா? பொட்டு வேண்டாம்னதும் சுழி போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்றார் அண்ணன்.

மாமா ஏழு தொட்டியையும் கையால் காட்டி, அவற்றின்மேல் ஆணையாகத் தான் எழுதவில்லை என்றார். அக்காவின் முகம் இறுகிவிட்டது. இதற்குள் சார் நான்காவது டேப்பை இழுத்திருந்தார். சுழிக்குக் கீழே, அடுத்தடுத்து, சின்னதாக இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டை எனக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு விடைத்தாளிலும் உச்சி நடுவில் பிள்ளையார் சுழி இருக்கும், அதற்குக் கீழே இரண்டு கோடு இருக்கும். அந்தக் கோடு ஏன் என்று எனக்கே தெரியாது, தோழி ஒருத்தியைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம். அன்று காய்ந்து வந்த முதல் பெட்டியை மேசையில் படுக்க வைத்தேன். எதிரே பளிச்சென்று வெள்ளைத் தாள் மாதிரி முதுகுத் தகடு. கையில் மாக்கல். நம்பர் ஒன்று எழுத வேண்டும். கை முதலில் எங்கே போயிருக்கும்? நம்பர்தான் டேப்புக்குள் ஒளிந்தது. உச்சி நடுவில் இருந்தது அப்படியே தூளுக்கு அடியில் போய்விட்டது. மாக்கல் என்பது வழவழப்பு, அதன்மேல் எந்தத் தோலும் பிடிக்காது. சொரசொரப்பான பூச்சு என்பதால் வெளியே தெரியவும் இல்லை. இது எல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். எழுதிய ஞாபகம்தான் துளிகூட இல்லை.

தெரிந்தவுடன் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. சார் டேப்பைச் சுருட்டி வைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. மாமா இன்னொரு தடவை, இந்த முறை பெற்ற பெண்மேல் ஆணை வைக்க வாயெடுத்தார். அப்போதுதான் குரல் வந்தது.

"அது நானுங்கக்கா."

"நீ என்ன கண்ணு?"

"எழுதுனது நானு."

யாரும் நம்பவில்லை. மாமாவைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள் போல. மாமா மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நேரே சுவரில் இருந்த என் விதித் தாளிடம் போனார். அவரிடம் கண்ணாடி இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மூன்றாவது விதியைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். அப்புறம் விரலை மேலே கொண்டுபோய்த் தாளின் உச்சியில் வைத்தார்.

"இங்கயும் போட்டிருக்குதுங்களே அம்முணி. கீழ ரெண்டு கோட்டோட."

முதலில் சிரித்தது சார்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் உட்கார்ந்தே விட்டார். பொட்டு வைக்காதே என்று எழுதிய தாளுக்குப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன், மூன்று மாதமாக அது எல்லார் கண் முன்னாலும் இருந்திருக்கிறது.

சிரித்து முடித்ததும் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டில் தேறவில்லை என்று எழுதினார். சிரிப்பு வேறு, ரிப்போர்ட் வேறு என்றார். மற்ற ஐந்திலும் அப்படி எதுவும் இல்லை என்று நான் சொல்ல வந்தபோது, இது இருப்பதே உனக்குத் தெரியாதே, அதில் இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் இன்னொரு வேலையாக வருகிறேன், அன்று ஆறும் புதுப் பூச்சோடு இருந்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் லாரி கோயமுத்தூர் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அக்கா தோப்புப் பக்கம் போய் நின்றார். பின்னாலேயே போய், வேண்டுமானால் நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன். நாடகம் மாதிரித்தான் இருந்தது, ஆனால் மனதாரச் சொன்னேன்.

"போறதுன்னா போ கண்ணு" என்றார் அக்கா. "அதுக்கு முன்னாடி நாப்பத்திரண்டையும் உரிச்சுக் குடுத்துட்டுப் போ."

ஒழுங்காகப் பிடித்த பூச்சை உரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அண்ணன் அவ்வளவு நன்றாக அடித்திருந்தார். உரிக்கும் மருந்தில் ஊற வைத்து, கனத்த ரப்பர் கையுறையோடு சுரண்டி, கழுவி, மறுபடி ஊற வைத்து. மூலைகளில் கறுப்பு விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது. ஒட்டவே ஒட்டாத இடம் மொத்தம் ஒரு சுழி, இரண்டு கோடு. மீதி எல்லாம் அருமையான வேலை என்று ஒவ்வொரு சுரண்டலும் எனக்குச் சொன்னது. அண்ணன் என்னைப் புள்ளையாரே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "புள்ளையாரே, எலி கூட்டிட்டு வரலியா, சுரண்டறதுக்கு?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சுரண்டுவார்.

மாமாதான் சங்கடம். திங்கட்கிழமை மிச்சப் பொழுது முழுக்க, அம்முணி என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல், என்னை வாங்க, வையுங்க, நில்லுங்க என்று வாத்தியாரம்மாவிடம் பேசுவது போலவே பேசினார். செவ்வாய்க்கிழமை மதியம் அலசுத் தொட்டி ஓரத்தில் அவருடைய பிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்துச் சொன்னேன்.

"மாமா, சுழியைப் பாத்ததும் நானும் உங்களத்தானுங்க நெனச்சேன்."

"அதுக்கென்னுங்க அம்முணி" என்றார் மாமா. "நானுங்கூட என்னையத்தானுங்க நெனச்சேன். தூக்கத்துல எந்திரிச்சு வந்து எழுதிப் போட்டனாட்ட இருக்குதுன்னு."

அவர் விளையாடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நிஜமாகவே தன்மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். நான் அந்த டீயை வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தேன்.

நம்பருக்கு வேறு வழி வேண்டும். இனி ஜாப்பைத் தொடவே கூடாது, ஒரு பெட்டியின் ஏழையும் தொட்டியிலிருந்து ஓவன்வரை ஒன்றாகவே வைத்து, அவை தொங்கும் கொக்கியில் ஒரு தகடு கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். தொட்டி மருந்தையும் ஓவனையும் தாங்கும் தகடாக இருக்க வேண்டும். அக்கா வீட்டுக்குப் போய் அடுக்களையிலிருந்து இரண்டு பெரிய எவர்சில்வர் தட்டுகளோடு வந்தார். யாரோ சீருக்குக் கொடுத்தவை, ஓரத்தில் 'அன்பளிப்பு' என்று பெயரோடு வெட்டியிருந்தது. கத்தரித்ததில் ஒரு தகட்டின் பின்னால் 'அன்ப' என்றும் இன்னொன்றில் 'ளிப்பு' என்றும் வந்தது. ஆணியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாக நம்பர் குத்தினேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தத் தகட்டை எடுத்ததும் ஆணி தானாக உச்சி நடுவுக்குப் போனது, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மாமா தொட்டிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க" என்றார்.

போட்டேன். சுழி, கீழே இரண்டு கோடு, அதற்குக் கீழே ஒன்று. தகடு கொக்கியில்தானே தொங்கப் போகிறது, அதில் என்ன எழுதினால் பூச்சுக்கு என்ன?

புதன்கிழமை தொட்டி. வியாழக்கிழமை தூள். அன்று பார்த்துக் காற்று தோப்பையே பெயர்த்துவிடும்போல் அடித்தது. சாக்குகளை அரைமணிக்கொரு தரம் நனைத்தோம். அக்கா சாக்கின் கீழ் முனையை மிதித்துக்கொண்டே நின்றார், அண்ணன் அடித்து முடிக்கும்வரை. அண்ணன் அன்று ஒரு நையாண்டியும் பேசவில்லை. கடைசித் தொப்பி ஓவனுக்குள் போனதும்தான் முகமூடியைக் கழற்றி, "புள்ளையாரே, தண்ணி" என்றார்.

வெள்ளிக்கிழமை சார் வந்தார். வணக்கம் சொன்ன கையோடு டார்ச் எடுத்து முதல் பெட்டிக்குள் அடித்தார். முதுகுத் தகடு, உச்சி நடு. ஒன்றும் தெரியவில்லை. போன தடவையும் ஒன்றும் தெரியவில்லைதான். அதே இடத்தில் கிழித்தார். டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் மூன்று தடவை தேய்த்தார். நான் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இழுத்தார். டேப்பை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. டேப்புக்கு அந்தப் பக்கம் தென்னை மட்டை ஆடுவது தெரிந்தது.

பக்கத்தில் கிழித்தார், கீழே கிழித்தார். மூன்றாவது பெட்டி, ஐந்தாவது பெட்டி. எதிலும் ஒரு துணுக்கு வரவில்லை. எல்லாம் முடிந்ததும் கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி, "உ எவிடே போயி?" என்றார். மாமா கூடைக் கொக்கியிலிருந்து முதல் தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சார் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்னால் இருந்த 'அன்ப' என்ன என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே ரிப்போர்ட்டில் எழுதினார். தைப் பொங்கல் கழிந்ததும் நாற்பது பெட்டி அனுப்பச் சொல்கிறேன் என்றார்.

லாரி ஏறும்வரை அக்கா நிதானமாகத்தான் இருந்தார். அது தோப்பு முனை திரும்பியதும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஆடிக்குத் திருப்பூர் போறியா?"

"போறேனுங்கக்கா" என்றார் அண்ணன். "பனியன் எடுக்க."

ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. என் பெயர் மிகவும் கீழே இருக்கிறது. அப்பா மறுபடி எழுதச் சொல்கிறார், எழுதலாம். இரண்டு மாதம் என்று வந்தது இரண்டாவது வருடம் நடக்கிறது. சுவரில் விதித் தாளைப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது விதி அப்படியே இருக்கிறது, உச்சியில் இருப்பதும் அப்படியே இருக்கிறது. ஒன்றாம் நம்பர் தகடு ஒரு லாட் விடாமல் அமிலத்தில் முங்கி முங்கிப் புள்ளி மங்கிவிடும், லாட்டுக்கு ஒரு தடவை ஆணி வைத்துப் பழைய புள்ளிமேலேயே குத்த வேண்டும். அதை என்னைத் தவிர வேறு யாரும் செய்ய மாமா விட மாட்டார். அண்ணன் ஒரு முறை எனக்காகக் குத்திக் கொடுத்தார். கோடு ஒன்றுதான் இருக்கிறது என்று மாமா திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று காலையிலும் ஒரு லாட் வந்திருக்கிறது. நான் ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் கூடை முதல் தொட்டிக்கு மேல் தயாராகத் தொங்குகிறது, இறங்கவில்லை. மாமா கொக்கியால் தொட்டி விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், பஸ்ஸில் கண்டக்டர் தட்டுகிற மாதிரி. ஆணியை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.